அருவியை ஆள நினைத்தவர்

ஆங்கில மொழியில் ஒரு விந்தை உண்டு. நாட்டை ஆளும்படி அனுப்பப்பட்ட தேசாதிபதிக்கும், ஓடும் இயந்திரத்தின் வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தி வைக்கும் சிறு கருவிக்கும் அம்மொழியார் கவர்னர் என்னும் ஒரே பெயரை இட்டு வழங்குகின்றனர். பிரித்தானியத் தேசாதிபதிகளின் ஆட்சி இந்நாட்டில் 1948ஆம் ஆண்டுடன் முடிந்தது. இயந்திரக் கவர்னரின் ஆட்சியோ நம் மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் இன்றும் தடையின்றி நடைபெறுகின்றது. முதலாவது கவர்னரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இரண்டாவது கவர்னர் ஆளப்போகும் ஒரு நாட்டை மனக்கண்ணிற் கண்டவர் ஒருவர் இருந்தார். அவரே தேவபுர ஜயசேன விமலசுரேந்திர.

நம் மாணவர்கள் அவர் பெயரை அறியாதவர்கள் அல்லர். இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை யார் என்று பொதுஅறிவுப் பரீட்சையிற் கேட்டால் உடனே விடை எழுதிவிடுவார்கள். ஆயினும் அவர் செய்தது யாது, செய்ய விரும்பியும் முடியாமற் போனது யாது என்று வினவினால் வகுப்பறை மௌனமாகிவிடும். தந்தை, பாட்டன் என்று பட்டம் சூட்டிவிட்டு ஒருவரை மறந்துவிடுவது நமக்கு எளிதாக வந்த கலை.

விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆம் நாள் காலியிற் பிறந்தார். தந்தையார் தொன் யுவான் விமலசுரேந்திர முதலியார், கைத்திறத்துக்குப் பெயர்பெற்ற கம்மியர். உலோகத்தையும் உளியையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இயந்திரத்தில் நாட்டம் பிறந்ததில் வியப்பில்லை. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும், பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, பொதுவேலைத் திணைக்களத்தில் ஒரு மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். மேற்பார்வையாளர் என்பது அக்காலத்தில் உயர்ந்த பதவியன்று. பொறியியலாளர் என்னும் பெயருக்குரிய நாற்காலிகளிற் பெரும்பாலும் வெள்ளையரே வீற்றிருந்தனர். அந்த நாற்காலியை அடைய அவர் ஒவ்வொரு படியாக ஏறவேண்டியிருந்தது. இங்கிலாந்து சென்று இலண்டன் பரடே இல்லத்தில் மின்பொறியியலையும் கற்றுத் தேர்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு வேடிக்கையான பணி வந்து வாய்த்தது. சிவனொளிபாத மலைச் சூழலில் ஓடும் ஆறுகளின் படுகையில் பொன் உண்டா என்று ஆராய்ந்து வரும்படி அவரை அனுப்பினார்கள். நம் பகுதி முஸ்லிம் பெரியோர் பாவா ஆதம் மலை என்று போற்றுவதும் இம்மலையையே. அதன் சூழலிலுள்ள மலைகளிலிருந்து கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் இரண்டு ஆறுகள் இறங்கி, ஒன்று கலந்து களனி கங்கையாகின்றன. கெஹெல்கமு ஓயா அபர்டீன் என்னுமிடத்தில் 98 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. மஸ்கெலியா ஓயா லக்சபானவில் 126 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்றது. பொன் தேடிப் போனவர் பெரும் பொற்குவியல் எதனையும் கொண்டுவரவில்லை. அவர் கண்ணை நிறைத்தது அந்த வீழ்ச்சிதான்.

நூறு மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒரு கனமீற்றர் நீர், சேதாரம் போக, ஏறத்தாழக் கால் அலகு மின்சாரத்தைத் தரவல்லது. கணக்கு இவ்வளவே. பள்ளிக்கூடத்துப் பௌதிகம் படித்த எவரும் இதைச் செய்துவிடலாம். ஆனால் அருவியின் முன் நின்று அழகு என்று வியந்து திரும்பாமல், ஆண்டு முழுவதும் வீணே விழும் கனமீற்றர்களை எண்ணத் தொடங்கிய மனம் அக்காலத்தில் இங்கு அரிது. கொழும்புக் கோட்டையில் 1895 அளவிலேயே பூஸ்ரெட் சகோதரர்களின் நிறுவனம் மின்விளக்கு எரித்தது உண்மை. அந்த மின்சாரத்துக்கு எரிபொருள் கடல் கடந்து வந்தது. மலையிலிருந்து இலவசமாக இறங்கும் ஆற்றலை விட்டுக் கப்பலில் வரும் ஆற்றலை விலைகொடுத்து வாங்கிய காலம் அது.

அவருடைய முதற் செயல் சிறியது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை வடிவமைத்துக் கட்டினார். 1912ஆம் ஆண்டளவில் நுவரெலியா நகரத்துக்கு அங்கிருந்து விளக்கு எரிந்தது. பெரிய நிலையங்களைப் பற்றி எழுதுவோர் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுவர். எனக்கு அது ஒரு வரியிற் கடக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. ஏனெனில் நீரைக் குழாயில் இறக்கிச் சில்லைச் சுழற்றுவது பாதி வேலைதான். அந்தச் சில்லைச் சரியான வேகத்திற் சுழல வைப்பது மற்றப் பாதி. ஒரே ஊருக்கு மின்சாரம் தரும் சிறு நிலையத்தில் அந்த இரண்டாம் பாதியே கடினமானது.

இதனை எங்கள் ஆலையடிவேம்பு வயல்வெளியை வைத்து விளக்கினாற் புரியும். பெரும்போகத்தில் வட்டை விதானையார் துருசடியில் நிற்பார். வாய்க்காலில் நீர் குறைந்தால் துருசைச் சற்றுத் திறப்பார், ஏறினாற் சற்று அடைப்பார். அவர் கண் நீர்மட்டத்தில், கை கதவில், மனம் கடைசி வயற்காரனின் வரம்பில். மின்நிலையத்தில் நீர்மட்டத்துக்குப் பதிலாகச் சுழலும் வேகத்தைப் பார்க்கவேண்டும். ஊரில் நூறு விளக்குகள் ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டால் மின்பிறப்பாக்கியின் மேல் சுமை கூடி, சுழலியின் வேகம் இறங்கும். விளக்குகள் அணைக்கப்பட்டால் வேகம் ஏறும். வேகம் மாறினால் மின்சாரத்தின் மீடிறன் மாறும். நம் நாட்டில் அது செக்கனுக்கு 50 அலைவாக நிற்கவேண்டும். இரவும் பகலும் ஒரு மனிதன் மானியைப் பார்த்துக்கொண்டு கதவைத் திருகிக்கொண்டிருக்க முடியுமா? விதானையாருக்கு நாழிகைக்கணக்கில் அவகாசம் உண்டு. மின்நிலையத்து விதானைக்குச் செக்கன்கூட இல்லை.

ஆகவே அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் உவாற்று தம் நீராவி இயந்திரத்துக்கு இரண்டு இரும்புக் குண்டுகளைக் கொண்ட ஒரு கவர்னரைப் பொருத்தினார். மாவாலைகளில் திரிகைக்கல்லின் இடைவெளியைச் சீர்செய்ய அதற்கு முன்னரே அத்தகைய குண்டுகள் வழக்கில் இருந்தன. அக்கருத்தை அவர் நீராவிக்குக் கொண்டுவந்தார். வேகம் ஏறினாற் குண்டுகள் விரிந்து மேலெழும். மேலெழும்போது ஒரு நெம்பு நீராவிக் கதவைச் சற்று மூடும். வேகம் இறங்கினாற் குண்டுகள் தாழ்ந்து கதவு திறக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்து நெல்லாலைகளில் எண்ணெய் இயந்திரங்கள் ஓடிய காலத்தில், ஒரு மூட்டை நெல்லைக் கொட்டியதும் இயந்திரத்தின் ஓசை கம்மி, மறுகணம் மீண்டும் நிமிர்வதைக் கேட்டவர்கள் இந்தக் கவர்னரின் குரலைக் கேட்டவர்களே.

நீர்ச்சுழலிக்கு இக்குண்டுகள் மட்டும் போதா. நீர்க்கதவு கனமானது, குண்டுகளின் வலிமை அதனை அசைக்காது. ஆதலின் குண்டுகள் ஒரு சிறு வால்வை மட்டும் அசைக்க, அந்த வால்வு அழுத்தமூட்டிய எண்ணெயை ஓர் உருளைக்குட் செலுத்த, அவ்வெண்ணெயே கதவைத் தள்ளும். இதற்கும் அப்பால் நீருக்கே உரிய ஒரு பிடிவாதம் உண்டு. மலையின் உச்சியிலிருந்து குழாயில் இறங்கி நிற்கும் நீர்த்தூண் பல தொன் எடையுள்ளது. கதவைத் திடீரென மூடினால், ஓடிவந்த அத்தூண் நிற்கமுடியாமல் முட்டிக் குழாயையே வெடிக்கச் செய்யும். திடீரெனத் திறந்தாலோ இன்னும் விசித்திரம் நிகழும். சுமை கூடிவிட்டதென்று கதவைத் திறந்த அதே கணத்தில், அசையாதிருந்த நீர்த்தூண் வேகம் கொள்ளத் தாமதிப்பதால் கதவடியில் அழுத்தம் வீழ்ந்து, ஆற்றல் கூடுவதற்குப் பதிலாகச் சிறிது குறையும். பின்னரே கூடும். பசித்தவனுக்குச் சோறு கேட்டால் முதலில் இலையைப் பறித்துக்கொண்டு பிறகு சோறு போடும் வீட்டைப் போன்றது நீர்ச்சுழலி. இந்த இயல்பை அறியாத கவர்னர், ஆற்றல் குறைந்துவிட்டதென்று மேலும் திறக்கும். பின்னர் அளவுக்கு மிஞ்சியதைக் கண்டு மேலும் மூடும். வேகம் ஊசலாடத் தொடங்கி விளக்குகள் மங்கியும் பொங்கியும் எரியும்.

இதற்குப் பரிகாரமாக ஓர் எண்ணெய்ச் சாடியைக் கவர்னரோடு இணைத்தனர். அதனுள் ஒரு சிறு துளை வழியே எண்ணெய் மெல்லக் கசியும். கதவு அசைந்தவுடன் சாடி அதனைத் தற்காலிகமாகப் பின்னிழுத்து, போதும், சற்றுப் பொறு என்று தடுக்கும். எண்ணெய் கசிந்து முடியும் அளவில் அத்தடை நீங்கி, வேகம் முன்னைய நிலைக்கு வந்து சேரும். துளையைக் குறைத்தால் பொறுமை கூடும், அகலித்தால் அவசரம் கூடும். ஒவ்வொரு நிலையத்தின் குழாயின் நீளத்துக்கும் நீரின் உயரத்துக்கும் ஏற்ப அந்தத் துளையைத் திருகிச் சரிசெய்வதுதான் பழைய பொறியியலாளனின் நுண்கலை. பெல்ற்றன் சில்லு பூட்டப்படும் உயர்வீழ்ச்சி நிலையங்களில் வேறொரு தந்திரமும் உண்டு. சுமை திடீரென அறுந்தால், நீர்த்தாரைக்கு முன் ஒரு தகடு பாய்ந்து வந்து தாரையைச் சில்லில் படாமல் ஒதுக்கிவிடும். ஊசி வால்வோ அவசரமின்றிப் பின்னால் மெல்ல மூடும். சில்லும் பிழைக்கும், குழாயும் பிழைக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விமலசுரேந்திரவைக் கனவு கண்டவர் என்று புகழ்வோர் பலர். கனவு காண்பவருக்கு அருவி மட்டும் போதும். அவரோ ஒரு சிறு நிலையத்தைக் கட்டி நகரமொன்றுக்கு விளக்கேற்றிக் காட்டிய பிறகே பெரியதைப் பற்றிப் பேசத் துணிந்தவர்.

1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். இலங்கையில் ஆற்றலைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் என்பது அதன் பொருள். தலைப்பையே பாருங்கள். அருவியின் பெருமை என்றோ மின்சாரத்தின் அற்புதம் என்றோ அவர் தலைப்பிடவில்லை. பொருளாதாரம் என்றார். எதிரே அமர்ந்திருந்தோர் எதனைக் கேட்பார்கள், எதனைக் கேட்கமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கொள்கிறேன். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா இரண்டின் நீரையும் தேக்கி, குழாயில் இறக்கி, நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்பதே அதன் சாரம். ஐயுற்றவர்கள் பலர். இவ்வளவு மின்சாரத்தை வாங்க இந்நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அத்தகைய ஐயங்களில் ஒன்று. ஆலைகள் இல்லாததால் மின்சாரம் வேண்டியதில்லை, மின்சாரம் இல்லாததால் ஆலைகள் வாரா. இந்தச் செக்கு வட்டத்தைச் சுற்றிச் சுற்றியே ஆண்டுகள் கழிந்தன.

அயல்நாட்டில் என்ன நடந்தது? மைசூர்ச் சமஸ்தானத்தில் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே கோலார்ப் பொற்சுரங்கத்துக்கு மின்சாரம் போயிற்று. அங்கேயும் பொன்தான் காரணம். ஆனால் அங்கே தயாராக நின்ற ஒரு வாடிக்கைக்காரனாக அது அமைந்தது. சென்னை மாகாணத்தில் நீலகிரியின் பைக்காரா நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. அதன் மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குப் போனபோது, பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அவ்வூர் வேறு ஊராயிற்று. மேட்டூர் 1937இல் வந்தது. வாங்குவோர் இருந்தபின் மின்சாரம் செய்வோம் என்று பைக்காராவைக் காத்திருக்க வைத்திருந்தால் கோயம்புத்தூர் இன்னும் எத்தனை ஆண்டு பிந்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இலங்கையில் 1920களின் நடுவில் லக்சபான வேலை தொடங்கப்பட்டது. அரசாங்க மின்சாரத் திணைக்களமும் அமைந்தது. அதன் பிரதிப் பணிப்பாளராக விமலசுரேந்திர நியமனம் பெற்றார். திட்டத்தைக் கண்டவர் அவர். தலைமை நாற்காலி அவருக்கில்லை. தொடங்கிய வேலையும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அவர் 1929ஆம் ஆண்டில் இளைப்பாறினார். கொலன்னாவையில் எரிபொருளால் இயங்கும் ஸ்ரான்லி மின்நிலையம் எழுந்ததும் அக்காலத்திலேயே. தேசாதிபதி ஒருவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. மலையில் அருவிகள் வழக்கம்போல விழுந்துகொண்டிருந்தன.

இந்தத் தாமதத்துக்கு வெள்ளையரின் பொறாமை ஒன்றே காரணம் என்று எழுதுவது இன்று எளிது. எனக்கு அது முழுக்க உடன்பாடன்று. சுதேசி ஒருவரின் திட்டம் என்னும் இளக்காரம் இருந்திராது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அணையும் சுரங்கமும் குழாயும் முதலிலேயே பெருந்தொகையை விழுங்குபவை. பயன் பின்னரே வருவது. எரிபொருள் நிலையமோ குறைந்த முதலில் எழும்பிவிடும். செலவு ஆண்டுதோறும் தொடர்வது எவர் கண்ணையும் உறுத்தாது. இன்றைய கையிருப்பை மட்டும் எண்ணுகிற எந்த அரசும், அதன் நிறம் எதுவாயினும், இரண்டாவதையே தெரிவு செய்யும். சுதந்திரத்துக்குப் பின்னரும் நாம் இந்தத் தெரிவைப் பலமுறை செய்திருக்கிறோம்.

உத்தியோகத்தில் இருந்து செய்ய முடியாததை மன்றத்தில் நின்று செய்யலாம் என்று அவர் எண்ணினார் போலும். சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931ஆம் ஆண்டில் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியிற் போட்டியிட்டு வென்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. இளைப்பாறிய பொறியியலாளர்கள் பொதுவாகத் தோட்டம் போடுவார்கள், அல்லது கோயில் குளம் என்று போவார்கள். இவர் வாக்குக் கேட்டு ஊர் ஊராகப் போனார். சபையில் இருந்த காலத்தில் நீர்மின் திட்டத்தை மீண்டும் மீண்டும் எழுப்பினார். திட்டம் 1938இல் மறுபடி உயிர்பெற்றது. உடனே உலகப்போர் வந்து குறுக்கிட்டது. சுழலிகளும் குழாய்களும் கடல்கடந்து வரவேண்டியவை, கப்பல்களோ போருக்குப் போய்விட்டன.

லக்சபான நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற்று ஆற்றலுடன் 1950ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. ஆய்வுரை படித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. அதனைப் படித்தவருக்கு எழுபத்தாறு வயது. பின்னும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாழ்ந்து 1953 ஓகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார்.

லக்சபானவில் ஓடியது ஒரு சுழலியன்று, மூன்று. நுவரெலியாவின் தனிச் சுழலிக்கு இல்லாத புதுச் சிக்கல் இங்கே பிறக்கின்றது. ஒரே வாய்க்காலுக்கு மூன்று துருசுகளும் மூன்று விதானையாரும் இருந்து, ஒவ்வொருவரும் நீர்மட்டம் இம்மியும் பிசகாமல் நானே காப்பேன் என்று நின்றால் என்னாகும்? ஒருவர் திறப்பார், மற்றவர் மூடுவார், மூன்றாமவர் இருவரையும் பார்த்துத் தடுமாறுவார். மின்நிலையத்திலும் அவ்வாறே. ஆகவே ஒவ்வொரு கவர்னருக்கும் வேண்டுமென்றே ஒரு சிறு நெகிழ்ச்சியைக் கொடுத்து வைக்கிறார்கள். சுமை ஏற ஏற வேகம் சற்றுத் தாழ இடம் கொடுப்பது அது. வெறும் சுமையில் 52 அலைவில் சுழலும் இயந்திரம் முழுச்சுமையில் 50க்கு இறங்கும் என்றால் அதன் நெகிழ்ச்சி நூற்றுக்கு நான்கு. எல்லா இயந்திரங்களுக்கும் அதே நெகிழ்ச்சி இருந்தால், மீடிறன் இறங்கும்போது ஒவ்வொன்றும் தத்தம் வலிமைக்கேற்ற பங்கைத் தானே ஏற்றுக்கொள்ளும். எவரும் எவருக்கும் கட்டளையிட வேண்டியதில்லை. கூட்டு வேலையின் இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு சூத்திரத்தை நான் அறியேன்.

ஓர் இயந்திரத்தை ஓடும் வலையமைப்போடு சேர்ப்பதும் பார்க்கத்தக்க காட்சி. இயக்குபவர் முதலில் சுழலியைத் திறந்து வேகத்தை வலையமைப்பின் வேகத்துக்குச் சற்று மேலே கொண்டுவருவார். அடுத்து மின்னழுத்தத்தைச் சமப்படுத்துவார். அப்போது ஒரு வட்டமானியின் முள் மெல்லச் சுழலும். இரு அலைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அது காட்டும். முள் கடிகாரத்தின் பன்னிரண்டை அணுகும் கணத்தில் ஆளி மூடப்படவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பல தொன் எடையுள்ள சுழலியை வலையமைப்பு ஒரே உதறலில் தன் வழிக்கு இழுக்கும். தண்டு முறிந்தாலும் வியப்பில்லை. இன்று அதைத் தன்னியக்கக் கருவி செய்கின்றது. முன்பு அது ஒரு மனிதனின் கண்ணும் கையுமாக இருந்தது.

குண்டுகளும் எண்ணெய்ச் சாடியும் பல நிலையங்களில் அருங்காட்சிப் பொருள்களாகிவிட்டன. அவற்றின் இடத்தில் இலத்திரன் கட்டுப்படுத்திகள் வந்துள்ளன. பெட்டி மாறினாலும் தத்துவம் மாறவில்லை. கவர்னர் ஏன் சிலவேளை ஊசலாடுகின்றது என்பதை ஜேம்ஸ் கிளார்க் மக்சுவெல் 1868இல் கணிதத்தால் ஆராய்ந்தார். கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்புவது பற்றி ஆராய்ந்த மினோர்ஸ்கி 1922இல் மூன்று உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். இப்போதுள்ள பிழைக்கு எவ்வளவு கடுமையாக மறுமொழி கொடுப்பது என்பது முதலாவது. நெடுநேரம் தேங்கி நிற்கும் சிறு பிழையைக் கூட்டிக் கூட்டித் தீர்ப்பது இரண்டாவது. பிழை எவ்வளவு விரைவாக வளர்கின்றது என்று பார்த்து முன்கூட்டியே கைநீட்டுவது மூன்றாவது. இன்றைய கட்டுப்படுத்தியை ஒழுங்குசெய்பவர் இம்மூன்றுக்கும் மூன்று எண்களை இடுகிறார். ஆலைகளில் இவ்வெண்களைக் காண்பதற்கு சீக்ளர், நிக்கல்ஸ் என்னும் இருவர் 1942இல் ஒரு வழி சொன்னார்கள். முதலாவது எண்ணை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு போனால், ஓர் எல்லையில் முழு அமைப்பும் ஓயாது ஊசலாடத் தொடங்கும். அந்த எல்லையின் ஏறத்தாழப் பாதியில் எண்ணை நிறுத்தி, மற்றிரண்டையும் ஊசலின் கால அளவிலிருந்து கணித்துக்கொள்ளலாம். கொதிகலனுக்கும் உலர்த்திக்கும் நடைமுறையில் உதவும் வழி அது. நாடு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும் மின்நிலையத்தில் அப்படி ஊசலாட்டிப் பார்க்கும் துணிவு எவருக்கும் வாராது. அங்கே நீர்த்தூணின் கணக்கிலிருந்தே தொடங்கவேண்டும்.

2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய பழுது காரணம் என்று அறிவிக்கப்பட்டபோது நாடே நகைத்தது. நகைப்புக்கு அப்பாலுள்ள செய்தி வேறு. விடுமுறை நாளில் சுமை குறைவு. வெயிலில் கூரைச் சூரியகலங்களின் மின்சாரம் மிகுதி. கனத்த சில்லோடு சுழன்று அதிர்ச்சியைத் தாங்கும் இயந்திரங்கள் அந்நேரம் வலையமைப்பில் குறைவு. சூரியகலத்தில் சுழல்வது ஒன்றுமில்லை, ஆதலின் ஒரு பழுது நேர்ந்ததும் மீடிறன் கவர்னர்கள் விழித்தெழுமுன் சரிந்துவிடுகின்றது. சூரிய ஒளி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. சுழலும் நீரும் வேண்டும் என்பதே பொருள். முழுதும் இருண்ட வலையமைப்பை மறுபடி எழுப்பும்போதும் பெரிதும் நம்பப்படுவது நீர்மின் நிலையங்களே. வெளி மின்சாரம் அதிகம் வேண்டாமல், கதவைத் திறந்தவுடன் தாமே எழக்கூடியவை அவை.

எங்கள் பக்கத்தில் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் எழுந்த அணைக்கும் ஒரு சிறு மின்நிலையம் உண்டு. 1949இல் அவ்வணையின் வேலை தொடங்கியது. அந்த நிலையத்தின் ஆற்றல் ஏறத்தாழ 11 மெகாவாற்று. அதன் சுழலிகளை ஆள்வது பெரும்பாலும் மின்சாரத் தேவையன்று, வயலின் தேவை. வேளாண்மைக்கு நீர் விடும்போது அந்நீர் சுழலியைக் கடந்து வருகின்றது. நீர் நிறுத்தப்படும் காலத்தில் சுழலியும் ஓய்கின்றது. கட்டுப்படுத்தியில் இடப்படும் எண்ணை இறுதியில் தீர்மானிப்பவன் கரையோரத்துக் கமக்காரனே என்று சொன்னாற் பெரிதும் மிகையாகாது.

மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் கதை இவ்வளவு இதமானதன்று. விமலசுரேந்திர காட்டிய வழியில் 1969இல் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும். உயர் அழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே ஓடிய தோட்டங்களின் லயன் அறைகள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அந்தக் கணக்கு 1918ஆம் ஆண்டு ஆய்வுரையின் பொருளாதாரத்தில் அடங்கியதன்று. அதனைப் பிற்காலத்தார் எழுதியிருக்கவேண்டும்.

கெஹெல்கமு ஓயாவின் மேற்பகுதியில் காசல்ரீ நீர்த்தேக்கம் அமைந்து, அதன் நீரால் 1965இல் ஒரு புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. 25 மெகாவாற்றுச் சுழலிகள் இரண்டு அதில் உள்ளன. அந்த நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரை வைத்தார்கள். அவர் பெயர் தாங்கிய சுழலிகளைக் கடந்து வெளியேறும் நீர் நோட்டன் பிரிஜ் தேக்கத்தில் விழுந்து, அங்கிருந்து மறுபடி குழாயில் இறங்கி, அவர் எழுபத்தாறு வயது வரை காத்திருந்த பழைய லக்சபான நிலையத்தின் சில்லுகளைச் சுழற்றுகின்றது.